காளவாசல் பக்கம் ஒரு ஞாயிறு வகுப்பு
மதுரை காளவாசல் பக்கத்தில் இருக்கும் டிஎன்பிஎஸ்சி பயிற்சி மையத்தின் ஞாயிறு அரசியல் வகுப்புக்குத் தாராளமாகப் போகலாம். வெளியுறவு விஷயத்தில் கட்சிகள் சபையில் எப்படி ஓட்டுப் போடுகின்றன என்பதற்கு 2008 ஜூலை 22-ஐ எடுத்துக்கொண்டு, அமெரிக்காவுடனான அணுசக்தி உடன்பாட்டை எதிர்த்து இடதுசாரிகள் ஆதரவை விலக்கியதில் தொடங்கி, 275-க்கு 256 என்று மன்மோகன் சிங் அரசு தப்பியது வரை சார் சொன்ன விதம் அருமை. நம் நாட்டில் இப்படிப்பட்ட உடன்பாட்டுக்கு நாடாளுமன்ற ஒப்புதல் கட்டாயமில்லை, அதனால்தான் சண்டை நம்பிக்கை ஓட்டெடுப்பாக வந்தது. இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்று கட்சி போடும் கொறடா உத்தரவை மீறினால், அரசியலமைப்பில் 1985-ல் வந்த பத்தாவது அட்டவணைப்படி (கட்சித் தாவல் தடைச் சட்டம்) எம்.பி. பதவியே போகலாம், அப்படியும் சிலர் மாற்றி ஓட்டுப் போட்டார்கள். 2013-ல் இலங்கை விஷயத்தில் காங்கிரஸ் கூட்டணியை விட்டு திமுக வெளியேறியதை மட்டும் போகிற போக்கில் முடித்துவிட்டார், மதுரைப் பிள்ளைகள் முதலில் கேட்பதே அதைத்தானே! நோட்ஸ் ஜெராக்ஸ் ஒரே மங்கல். அப்புறம் ஃபேன் காற்று பின்வரிசைக்கு வராது, சீக்கிரம் போய் ஜன்னலோரம் பிடியுங்கள்.