செத்ததா, மயக்கமா? நேரடித் தட்டும் இரட்டை அடுக்கும்

மேற்கு வர்ஜீனியாவில் பழைய நிலக்கரிச் சுரங்கங்களிலிருந்து வழியும் ஓடைகளில் சில இடங்களில் வீட்டுச் சாக்கடையும் கலக்கும். அந்தத் தண்ணீரை நேரடியாக மெக்கான்கி அகர் (குடல் பாக்டீரியாவைப் பிரித்துக் காட்டும் வளர்ப்புக் களி) தட்டில் போட்டால், சாக்கடைக் கலப்பைக் காட்டும் கோலிஃபார்ம் பாக்டீரியாவின் காலனி (ஒரு செல்லிலிருந்து பெருகிய புள்ளி) ஒன்றிரண்டு வந்தாலே அதிகம். முதலில் நானும் அதை நம்பினேன். இப்போது இரட்டை அடுக்கு முறைதான்.

நேரடித் தட்டு எளிது, மலிவு. நல்ல தண்ணீருக்கு அதுவே போதும்.

சுரங்க நீரில்தான் சிக்கல். நிலக்கரியோடு கிடக்கும் பைரைட் என்ற இரும்பு-கந்தகக் கனிமம் காற்றும் நீரும் பட்டுக் கந்தக அமிலமாகிறது. பிஹெச் 3-க்கும் இறங்கும். அமிலமும் கரைந்த உலோகங்களும் கோலிஃபார்ம் வகையான ஈ.கோலியின் வெளிச்சவ்வைப் புண்ணாக்குகின்றன. எல்லாம் செத்துவிடுவதில்லை. குடலில் வாழும் ஈ.கோலிக்குப் பித்த உப்பு பழகிய சரக்கு. சவ்வு கிழிந்ததற்கோ அதுவே விஷம். மெக்கான்கியில் இருப்பதும் பித்த உப்புதான். உயிரோடு பிடித்துவந்ததை நாமே கொன்றுவிட்டு, 'இல்லை' என்று எழுதுகிறோம். கீழே சுண்ணாம்புப் பாறைமேல் ஓடி அமிலம் முறிந்தால் அதே கிருமி தேறி எழலாம்.

இரட்டை அடுக்கில் 1 மில்லி நீரை டிரிப்டிக் சோய் அகரோடு (எல்லாக் கிருமிக்கும் ஒத்துவரும் சத்துக் களி) கலந்து ஊற்றி, அறை வெப்பத்தில் 1 முதல் 2 மணி நேரம் விடுகிறேன். சத்து கிடைக்கிறது, பித்த உப்பு இல்லை. சவ்வு ஒட்டிக்கொள்ள அவகாசம். பிறகு மேலே, கோலிஃபார்மைப் பிரித்துக் காட்டும் பித்த உப்புள்ள வயலெட் ரெட் பைல் அகர். 35 டிகிரியில் ஒரு நாள். அகர் சேர்க்காத திரவச் சத்துக் குழம்பிலேயே (broth) தேற்றலாமே என்பார்கள். குழம்பில் தேறியது உடனே பெருக ஆரம்பிக்கும். பத்து இருபதாகி எண்ணிக்கை பொய்யாகும். அகரில் ஒவ்வொன்றும் இருந்த இடத்திலேயே ஒரு காலனி. என்னை மாற்றியது இந்த ஒரு காரணம்தான்.

குறையும் உண்டு. ஊற்றும் அகர் 45 டிகிரிச் சூடு, நலிந்த செல்லுக்கு அதுவும் ஓர் அடி. 1 மில்லிதான் என்பதால் கிருமி குறைந்த நீரில் தப்பிவிடும். கிருமியைப் பிடித்துவைக்கும் நுண்துளை வடிதாளில் 100 மில்லி இறக்கலாம். ஆனால் அங்கத்தியவர்கள் 'யெல்லோ பாய்' என்று அழைக்கும் இரும்பு வண்டல் துளைகளை அடைத்துவிடுகிறது.

நான் பார்த்தது நிலக்கரி நீர் மட்டும். முலாம் பூசும் பட்டறைக் கழிவுக்கும் இதே 2 மணி நேரம் போதுமென்று அடித்துச் சொல்லமாட்டேன். எந்த முறையானாலும் சாம்பிளைச் சீக்கிரம் கொண்டுவாருங்கள். பாட்டிலுக்குள்ளும் அமிலம் சும்மா இருக்காது.