ஆட்டிப் பாக்குறதா, ஓட்டிக் கேக்குறதா? வீல் பேரிங் பஞ்சாயத்து

ரங்கூன்ல கார் ஊஊன்னு ஊளையிட்டா, வீல் பேரிங் (வீல் வழுக்கிச் சுத்த உதவுற, குண்டு வச்ச வளையம்) போயிருச்சான்னு பாக்க மெக்கானிக் முதல்ல ஜாக்கி போட்டு வீலை மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டுவாரு, ஆடலன்னா "பேரிங் நல்லாருக்குண்ணே, டயர்தான்"னு முடிச்சிருவாரு. நானும் நம்பி ரெண்டு டயர் மாத்தினேன், பெகு ரோட்டுல அறுபது தாண்டுனதும் அதே ஊஊ.

ஆட்டுறது தப்புன்னு சொல்லல, லேட்டு. சீல் வச்ச பேரிங்ல சத்தம் ஆரம்பிச்சு ரொம்ப நாள் கழிச்சுதான் ஆட்டம் கைக்கே தட்டுப்படும். தட்டுப்பட்டாலும் அது பால் ஜாயின்ட்டா (வீலை சஸ்பென்ஷனோட இணைக்கிற உருண்டை மூட்டு) இருக்கலாம், ஒருத்தரை பிரேக் மிதிக்கச் சொல்லிட்டு ஆட்டுங்க, ஆட்டம் நின்னுட்டா பேரிங், நிக்கலன்னா பால் ஜாயின்ட் பக்கம் போங்க.

என் ஓட்டு ஓட்டிக் கேக்குறதுக்குத்தான். தார் ரோட்டுலேருந்து சிமெண்ட் ரோட்டுக்கு ஏறுனதும் சத்தத்தோட குரலே மாறுச்சுன்னா டயர், எந்த ரோட்டுலயும் ஒரே குரல்ல வேகத்தோட ஏறிக்கிட்டே போனா பேரிங். அப்புறம் ஆளில்லாத ரோட்டுல மெதுவா வலம் இடமா வளைச்சுப் பாருங்க, வலது பக்கம் திருப்புறப்ப எடை இடது வீல்ல விழும், அப்ப சத்தம் கூடுச்சுன்னா பெரும்பாலும் இடது பேரிங்தான். இங்கதான் நம்மூரு வில்லங்கம், 1970லேருந்து ரோட்டுல வலப்பக்கம் போறோம், ஆனா என்னோடது மாதிரி பழைய ஜப்பான் வண்டில ஸ்டியரிங்கும் வலதுலயே இருக்கு, மழைத்தண்ணி தேங்குற ஓரம் நம்ம காலடியிலயே ஓடுறதால காது வலது வீலையே சந்தேகப்படும். எனக்கும் அப்படித்தான், கடைசில பாத்தா போனது இடது முன் வீல்!

ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சுத் திருப்புறப்ப டக்குடக்குன்னா அது ஆக்சில் ஜாயின்ட் (வீலுக்குச் சுழற்சி கொண்டுபோற தண்டோட மூட்டு), வேற கேஸு. வீலோட நடுவுல இருக்கற ஹப்பைத் தொட்டு சூடு பாக்குறதும் நம்பறதுக்கில்ல, பிரேக் ஒட்டிப் பிடிச்சாலும் சுடும்.

எந்தப் பக்கம்னு உறுதி பண்ண, இன்ஜினை ஆஃப் பண்ணி நியூட்ரல்ல வீலைத் தூக்கி, ஒரு கை காயில் ஸ்பிரிங்ல, மறு கையால வீலைச் சுத்துங்க. நல்ல பக்கத்துல கைக்கு ஒண்ணும் தெரியாது, கெட்ட பக்கத்துல அம்மியில மணல் அரைக்கிறாப்ல ஸ்பிரிங் நறநறங்கும். ஆட்டி ஒண்ணும் தெரியாத என் வீல் இதுல மாட்டிக்கிச்சு.

கழட்டுனா கிரீஸ் பால்டீ கலர்ல இருந்துச்சு, தண்ணி பூந்திருக்கு. புதுசை ஹவுசிங்ல (பேரிங் உக்கார்ற கூடு) பிரஸ் பண்றப்ப பக்கத்துலயே நில்லுங்க, வெளி வளையத்துல அழுத்தாம உள் வளையத்துல அழுத்துனா குண்டு பாதையில பள்ளம் விழுந்து, புதுசும் ஊஊங்கும்.