கிளிநொச்சியில் ஒரு திருமணப் பொருத்த நிலையம்: ஆறு மாத அனுபவம்

என் பெறாமகளுக்கு, அதாவது அக்காவின் மகளுக்கு, மாப்பிள்ளை பார்ப்பதற்காகக் கிளிநொச்சியில் உள்ள ஒரு திருமணப் பொருத்த நிலையத்தில் தை மாதம் பதிந்தோம். ஆடியோடு பதிவுக்காலம் முடிந்துவிட்டது. பிள்ளைகளைப் பதிய நினைக்கிற வன்னிச் சனம், அதிலும் என்னைப்போலத் தாய் தகப்பன் இல்லாத பிள்ளைக்காக அலைகிறவர்கள், காசு கட்ட முன்னர் இதை வாசித்துவிட்டுப் போனால் நல்லது. நிலையத்தின் பெயரைப் போடவில்லை. வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் சொந்தக்காரரை விட்டு விசாரித்தேன். அங்கும் படிவம் ஏறக்குறைய இதேதான்.

நான் தர்மபுரத்தில் வீட்டிலேயே தையல் மெசின் வைத்துப் பிழைக்கிறவள். பிள்ளைக்கு 27 வயது. குடும்பநல உத்தியோகத்தராக, அதாவது அரசாங்க மருத்துவிச்சியாக, வேலை செய்கிறாள். நான் கடைசியாக ஒரு நல்ல சேலை எடுத்தது அவளுடைய முதல் சம்பளத்தில்.

முதலில் நல்லதைச் சொல்கிறேன். பதிவுக் கட்டணம் 6,000 ரூபா, ஆறு மாதத்துக்கு. கலியாணம் சரிவந்தால் இரண்டு பக்கமும் ஆளுக்கு 50,000 கொடுக்க வேண்டும். இதை முதல் நாளே வாயால் சொல்லி, ரசீதிலும் எழுதித் தந்தார்கள். பிறகு தேத்தண்ணிக் காசு, பெட்ரோல் காசு என்று ஒன்றும் கேட்கவில்லை. வரவேற்பில் இருக்கிற பிள்ளை சொன்ன நாளில் போன் எடுப்பாள். இல்லையென்றால் இல்லை என்று சொல்லுவாள்.

சாதகம் பார்க்கிற ஐயாவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பிள்ளையின் சாதகக் குறிப்பு 2009 கடைசி யுத்தத்தில் எல்லாப் பொருட்களோடும் போய்விட்டது. பிறப்புச் சான்றிதழைப் பிறகு பிரதி எடுத்துவிட்டோம். பிறந்த நேரம் தெரிந்த உயிர் நான் ஒருத்திதான். 1998 மாரி காலம், மழை, அக்காவுக்கு விடியப்புறம் வலி கண்டது, பிள்ளை அழுத பிறகுதான் சேவல் கூவியது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும். வேறு இடங்களில் இதைக் கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினார்கள். இந்த ஐயா அந்த மாதத்துச் சூரிய உதயத்தைப் பார்த்து, இரண்டு நேரத்துக்கு இரண்டு குறிப்பு எழுதி, இரண்டிலும் செவ்வாய் எங்கே நிற்கிறது என்று கைபிடித்துச் சொல்லித்தராத குறையாக விளக்கினார். "எது சரியென்று நான் சத்தியம் பண்ண ஏலாது பிள்ளை, மாப்பிள்ளை வீட்டுக்கு இரண்டையும் காட்டுங்கோ" என்றார். அந்த நேர்மைக்கு நான் தலை வணங்குகிறேன்.

இனிப் படிவம். நாலு பக்கம். பெயர், படிப்பு, தொழில், உயரம், நிறம் எல்லாம் முதல் பக்கத்தில். மூன்றாம் பக்கத்தில்தான் விசயம் இருக்கிறது. தந்தை வழிப் பூர்வீகம், தாய் வழிப் பூர்வீகம், சமூகம், காணி சொந்த உறுதியா அரசாங்க அனுமதிப்பத்திரமா, யுத்தத்தில் காயம் உண்டா, புனர்வாழ்வு பெற்றவரா, அதாவது விடுதலைப் புலிகள் இயக்கத்தில் இருந்து அரசாங்கத்தின் புனர்வாழ்வு முகாமுக்குப் போய் வந்தவரா. ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சின்னக் கட்டம்.

இந்தக் கட்டங்களுக்குள் என் குடும்பம் அடங்கவில்லை. அப்பா இரத்தினபுரிப் பக்கத் தோட்டத்தில் பிறந்தவர். 1948இல் பிரஜாவுரிமை பறிக்கப்பட்ட மலையகத் தமிழ்ச் சனத்தில் ஒருவர். 1964 சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் பெரியப்பா குடும்பம் இந்தியாவுக்குப் போனது. அப்பா போகவில்லை. 1977 கலவரத்தில் தோட்டத்து வரிசை வீடான லயத்தை எரித்தபோது கைக்குழந்தையாக இருந்த அக்காவைத் தூக்கிக்கொண்டு வவுனியாவுக்கு வந்து, அங்கிருந்து தர்மபுரத்துக்கு வந்தார்கள். காடு வெட்டினார்கள். நான் பிறந்தது இங்கேதான். இரணைமடு வாய்க்காலை நம்பி 1930களில் யாழ்ப்பாணத்திலிருந்து குடியேற்றிய ஆட்களுக்கு வயல் இருந்தது. அப்பாவுக்கு அந்த வயல்களில் கூலி இருந்தது. கதிர் அறுக்கப் போனால் அவருக்கு விறாந்தையில் இடம் இல்லை, மாமரத்தடியில்தான் சாப்பாடு. மலையகத்து ஆட்களை இளக்காரமாகச் சொல்கிற 'வடக்கத்தியான்' என்ற சொல்லைப் பள்ளிக்கூடம் போக முன்னரே நான் கேட்டுவிட்டேன்.

அத்தான், பிள்ளையின் தகப்பன், யாழ்ப்பாணத்து வலிகாமத்து ஆள். 1995 ஐப்பசியில் யாழ்ப்பாணம் முழுக்க இடம்பெயர்ந்தபோது கிளாலியால் வன்னிக்கு வந்தவர். எங்கள் வீட்டுக்குப் பின்னால் கொட்டில் போட்டிருந்தார்கள். 1997இல் அக்காவைக் கட்டினார். அவருடைய தாய் கலியாணத்துக்கு வரவில்லை. ஆனால் ஊரில் ஒருவரும் வெளியில் கதைக்கவில்லை. இயக்கம் இருந்த காலம். சாதி சொல்லிக் கதைக்கவும் சீதனம் என்று கேட்கவும் ஆட்கள் பயந்தார்கள். அந்தப் பயம் இருந்த வருடங்களில் கட்டிய பல பேரின் பிள்ளைகளுக்குத்தான் இப்போது கலியாண வயது. அவர்களை எந்தப் பைலில் போடுவதென்று தரகர்களுக்குத் தெரியவில்லை.

நிலையத்து ஐயா, உரிமையாளர், மரியாதையான மனிதர். அத்தானின் ஊரைக் கேட்டார். சொன்னேன். ஊரில் எவடம் என்று கேட்டார். சொன்னேன். எந்தக் கோயிலடி என்றார். யாழ்ப்பாணத்து ஆட்களுக்கு இந்த மூன்று கேள்வி போதும், சாதியை வாயால் கேட்கத் தேவையில்லை. அவருக்கு முகம் மலர்ந்தது. பிறகு தாய் வழியைக் கேட்டார். நான் இரத்தினபுரி என்றதும் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

"அக்கா, நான் உங்களுடைய நன்மைக்குத்தான் சொல்லுறன். தகப்பன் பக்கம் நல்ல இடம். அதை முன்னுக்குப் போடுவம். தாய் பக்கத்தைக் கேட்டால் கிளிநொச்சி என்று மட்டும் சொல்லுவம். தாயும் இப்ப இல்லைத்தானே."

தாயும் இப்போது இல்லைத்தான். 2009 பங்குனியில் அக்காவும் அத்தானும் ஒரே பங்கருக்குள் போனார்கள். பிள்ளைக்கு அப்போது பதினொரு வயது. நான் ஒன்றும் சொல்லாமல் இருந்தேன். பிள்ளைதான் எழுந்து, மேசையில் கிடந்த அவருடைய பேனையை எடுத்து, படிவத்தைத் தன் பக்கம் திருப்பி, தாய் வழிப் பூர்வீகம் என்ற கட்டத்தில் 'இரத்தினபுரி, தர்மபுரம்' என்று எழுதினாள். கட்டத்துக்குள் இடம் போதவில்லை. எழுத்து வெளியே வந்து அடுத்த கட்டத்தையும் மூடியது. அது சமூகம் என்ற கட்டம். அதில் அவள் ஒன்றும் எழுதவில்லை.

படத்துக்கும் அதே கதைதான். அவளுடைய இடது கையில் முழங்கையிலிருந்து கீழே ஒரு சாண் நீளத்துக்குச் செல் காயம். புதுமாத்தளன் தற்காலிக ஆஸ்பத்திரியில் மருந்தில்லாத நாளில் தைத்தது. தையல்காரி என்றபடியால் அதைப் பார்க்கும்போதெல்லாம் என் கண் தையலைத்தான் எண்ணும். அவசரத்தில் போட்ட ஓட்டுத்தையல், நடுவில் இரண்டு இடத்தில் நூல் இறுகித் தோல் சுருங்கியிருக்கிறது. தைத்தவரைக் குறை சொல்லமாட்டேன், அந்தக் கை இருப்பதே அவரால்தான். நிலையத்தில், முழுக்கைச் சட்டை போட்டுப் படம் எடுங்கள், அல்லது ஸ்டூடியோவில் சொல்லி அழித்துவிடலாம் என்றார்கள். அந்தக் கையால் அவள் எத்தனை குழந்தைகளை நிறுத்துத் தூக்கிக் கொடுத்திருக்கிறாள். அரைக்கைச் சட்டையோடு எடுத்த படத்தைத்தான் கொடுத்தோம்.

மாசியில் ஒருநாள் மழைக்கு ஒதுங்கியபோது அலுமாரியைப் பார்த்தேன். பைல்கள் நிறம் நிறமாக. நீலம், பச்சை, சிவப்பு, வெளிநாட்டுக்கு வெள்ளை. ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு சுருக்கெழுத்து. கீழ்த்தட்டில், தரையோடு, ஒரு மண்ணிற மட்டைப் பைல். அதில் 'ஏனையவை' என்று இருந்தது. வரவேற்புப் பிள்ளையிடம் எங்கள் படிவம் எங்கே என்று கேட்டேன். அவள் குனிந்துதான் எடுத்தாள். அந்தப் பைலுக்குள் யார் யார் என்று அவளே மெதுவாகச் சொன்னாள். மலையகத்து வழி வந்தவர்கள், கலப்புக் கலியாணத்துப் பிள்ளைகள், சமூகம் எழுதாதவர்கள், புனர்வாழ்வு பெற்றவர்கள், அவயவம் இழந்தவர்கள், கணவனை இழந்தவர்கள். வன்னியில் இவர்களைக் கழித்தால் மிச்சம் எத்தனை பேர்? அந்தப் பைல்தான் அலுமாரியிலேயே மொத்தமானது. காசு மட்டும் எல்லாருக்கும் ஒன்று. நீலப் பைலுக்கும் 6,000, மண்ணிறப் பைலுக்கும் 6,000.

என் பெரிய முறைப்பாடு இதுதான். கேட்கிறவர்கள் இருக்கிறபடியால்தான் கட்டம் போட்டிருக்கிறோம் என்று அவர் சொல்வது உண்மை. ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகையில் மணமகள் தேவை விளம்பரத்தைப் பார்த்தாலே அது தெரியும். ஆனால் நீலப் பைல் வீட்டாருக்கு மண்ணிறப் பைலைத் திறந்தே காட்டுவதில்லை. அதை முதல் நாள் சொல்லவேண்டும். சாதியைச் சொல்லித் தேத்தண்ணிக் கடையில் ஒருவரை மறிப்பது 1957இலிருந்து சட்டப்படி குற்றம். அலுமாரியின் கீழ்த்தட்டைப் பற்றி எந்தச் சட்டமும் பேசவில்லை.

ஆறு மாதத்தில் மூன்று இடம் வந்தது. முதலாவது யாழ்ப்பாணம், வங்கியில் வேலை. தாய் வழி தெரிந்ததும் நின்றது. இரண்டாவது சுவிஸ், 44 வயது, இரண்டாம் தாரம். "உங்களுடைய நிலைமைக்கு இது நல்ல இடம்" என்றார்கள். அந்தச் சொல்லை நான் வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. பஸ்ஸில் பரந்தன் வரும் வரைக்கும் வாயை மூடிக்கொண்டு அழுதேன்.

மூன்றாவது உருத்திரபுரத்துப் பக்கம், ஆசிரியர். தாயும் தமக்கையும் வீட்டுக்கு வந்தார்கள். பால் தேத்தண்ணியும் பயற்றம் பணியாரமும் கொடுத்தேன். தாய் பிள்ளையின் கையைப் பிடித்துக் காயத்தைத் தடவிப் பார்த்து, "எங்கட வீட்டிலயும் ஒரு பிள்ளையைக் குடுத்தனாங்கள்" என்று சொல்லிக் கண் கலங்கினா. எனக்கு அந்த மனிசியை மிகவும் பிடித்துக்கொண்டது. பிறகு தமக்கை வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வளவு உறுதியா என்று கேட்டா. இது இந்தியன் வீட்டுத்திட்டத்தில் 5,50,000 ரூபாவுக்குக் கட்டிய வீடு. காணி பெர்மிட் காணி. 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் தருகிற அனுமதிப்பத்திரத்தை நினைத்தபடி சீதனமாக எழுத முடியாது, விற்கவும் முடியாது. உறுதிக் காணி வைத்திருக்க அப்பாவுக்கு ஒரு முப்பாட்டன் இங்கே இருக்கவில்லை. அவர்கள் போய்விட்டார்கள். பதில் நிலையத்தின் மூலம் வந்தது: பொருத்தம் காணாதாம். சாதகம் பார்த்த ஐயாவோ எட்டுப் பொருத்தம் என்று எழுதித் தந்திருந்தார்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட்டால் நான் எழுதியதெல்லாம் பொய்யாகிவிடும். ஆனி மாதம் பிள்ளை அந்த மண்ணிறப் பைலைத் தானே கேட்டு வாங்கிப் பார்த்தாள். முல்லைத்தீவுப் பக்கத்துப் பெடியன் ஒருவனின் படிவத்தில் நின்றாள். 32 வயது, வெல்டிங் கடை வைத்திருக்கிறான், புனர்வாழ்வு பெற்றவன், இடது காலில் பொய்க்கால். தொழில் பற்றி எழுதும் இடத்தில் தன் கடையின் கடன் எவ்வளவு என்பதையும் எழுதியிருந்தானாம். அது அவளுக்குப் பிடித்துவிட்டது. "அரசாங்க உத்தியோகப் பிள்ளைக்கு இது என்னத்துக்கு" என்றார் உரிமையாளர். நானும் அதையேதான் சொன்னேன். என் அப்பாவை மாமரத்தடியில் இருத்திச் சோறு போட்டவர்களைப்பற்றி இவ்வளவு எழுதுகிற நான், அந்தப் பெடியனின் படிவத்தை மேசையில் கவிழ்த்து வைத்தேன். யுத்தம் முடிந்து எங்களை அடைத்து வைத்திருந்த மெனிக் பாம் முகாமில் ஒரே தண்ணி வரிசையில் ஒரே வாளியோடு நின்றவர்கள் நாங்கள். முகாம் 2012இல் மூடியது. பிள்ளை என்னோடு மூன்று நாள் கதைக்கவில்லை. நான் செய்தது பிழை. அவளிடம் சொல்லிவிட்டேன், இங்கேயும் சொல்கிறேன். அந்தப் படிவத்தைத் திரும்பக் கேட்டு நானே போனேன். அதற்குள் அவனுடைய ஆறு மாதம் முடிந்து, பைலிலிருந்து கழற்றிவிட்டார்கள். தொலைபேசி இலக்கம் தரமாட்டோம் என்கிறார்கள், அவன் மறுபடி பதிந்தால்தானாம்.

பதிய விரும்புகிறவர்கள் இதைச் செய்யுங்கள். உங்கள் பிள்ளையின் படிவம் எந்தப் பைலில் போகும், அந்தப் பைலை யாருக்குக் காட்டுவீர்கள் என்று காசு கட்ட முன்னர் கேளுங்கள். சமூகம் என்ற கட்டத்தை வெறுமையாக விடுங்கள். விட்டால் வாங்கமாட்டோம் என்று அவர்கள் சொல்லவில்லை, அதை நான் பரீட்சித்துவிட்டேன். நிறையப் பேர் விட்டால் அந்த மண்ணிறப் பைலைக் கீழ்த்தட்டில் வைக்க இடம் போதாது. சாதகம் பார்க்க மட்டும் போகிறவர்கள் தாராளமாகப் போகலாம், 1,000 ரூபா, ஐயா செவ்வாயும் வெள்ளியும் இருப்பார்.

மறுபதிவுக்கு 3,000 என்று போன் எடுத்தார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கொடுத்த சாதகப் பிரதிகளைக் கேட்டேன். நாலில் மூன்று வந்துவிட்டது. நாலாவது உருத்திரபுரத்தில் அந்தத் தாயிடம் இருக்கிறதாம். கொடுத்து அனுப்பச் சொன்னால், "இருக்கட்டும், நான் ஒருக்கா நேரில கொண்டுவாறன்" என்றாவாம்.