லாக் லெவலோட ஆறு வருஷக் குடித்தனம்

முன்னாடி ரெக்வெஸ்ட வாங்குற வெப் சர்வரா என்ஜின்எக்ஸ், பின்னாடி ஸ்பிரிங் பூட்ங்குற ஃப்ரேம்வொர்க்ல ஒரு ஜாவா சர்வர், அதுக்கும் பின்னாடி டேட்டாபேஸா போஸ்ட்கிரஸ். 2019லேர்ந்து இதே செட்டப்தான் ஓட்டிட்டு இருக்கோம். கோடு எழுதுறத விட லாக் லெவல் (டீபக், இன்ஃபோ, வார்ன், எரர்னு ஏறிட்டே போற படி; எந்தப் படியும் அதுக்கு மேலயும் உள்ள மெசேஜ மட்டும் லாக் ஃபைல்ல எழுதணும்ங்குற செட்டிங்) எதுல வைக்கிறதுன்னுதான் நான் அதிகமா அடிபட்டிருக்கேன்.

மொத அடி, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏதோ ஒரு பக் புடிக்க ஜாவா சர்வரோட ரூட் லாகர (எல்லா கோடுக்கும் பொதுவான லாக் செட்டிங்) தூக்கி டீபக்ல போட்டுட்டு அப்படியே மறந்து வீட்டுக்கு வந்துட்டேன், ஞாயித்துக்கிழமை டிஸ்க் ஃபுல், சர்வர் படுத்துருச்சு. பதட்டத்துல லாக் ஃபைல ஆர்எம் கமாண்ட் போட்டு அழிச்சா, டிஸ்க்ல எவ்ளோ இடம் போயிருக்குன்னு காட்டுற டிஎஃப் கமாண்ட் இன்னும் நூறு பர்சென்ட்டே காட்டுது. ஃபைல ப்ராசஸ் திறந்தே வச்சிருந்தா பேரு மட்டும்தான் போகும், இடம் போகாதுன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது (அழிச்சிருக்கவே கூடாது, ட்ரன்கேட் பண்ணிருக்கணும், அதாவது ஃபைல வச்சுட்டே உள்ள இருக்கறத மட்டும் காலி பண்ணிருக்கணும்). அதவிட கேவலம், அந்த டீபக் லாக்ல வெளி சர்வர்களுக்கு ரெக்வெஸ்ட் அனுப்புற அப்பாச்சி ஹெச்டிடிபி கிளையன்ட் லைப்ரரியோட வயர் லாக் (போற வர டேட்டாவ அப்படியே எழுதுற லாக்) ஹெடர் எல்லாத்தையும் அப்படியே கொட்டி வச்சிருந்துச்சு, உள்ள நுழைய சாவி மாதிரி இருக்க ஆத்தரைசேஷன் டோக்கனோட சேத்து. எல்லா டோக்கனையும் மாத்த வேண்டியதாப் போச்சு.

சூடு கண்ட பூனை மாதிரி அப்புறம் எல்லாத்தையும் எரர் மட்டும்னு ஆக்கிட்டேன். அதுவும் தப்பு. ஒரு பெரிய ரிப்போர்ட் பக்கம் மட்டும் மெதுவா வருதுன்னு புகார் வந்துட்டே இருக்கு, லாக்ல ஒண்ணுமே இல்ல. மாசக்கணக்குல தேடுனோம். என்ஜின்எக்ஸ வார்னுக்கு எறக்குன அன்னைக்கே வரிசையா வருது, பின்னாடிலேர்ந்து வர ரெஸ்பான்ஸ் பஃபர்ல (மெமரில அதுக்குன்னு ஒதுக்குன இடம்) அடங்காம டெம்பரரி ஃபைல்ல எழுதப்படுதுன்னு. அந்த மெசேஜ் வார்ன் லெவல், என்ஜின்எக்ஸோட டீஃபால்ட்டோ எரர், அப்ப எங்க கண்ணுல படும்? ப்ராக்சி பஃபர் சைஸ ஏத்துனோம், முடிஞ்சுது.

வார்ன்ல வச்சா குப்பை சேருமேன்னு கேப்பீங்க. நிஜத்துல குப்பை எரர்லதான் அதிகம். இல்லாத ஃபேவிகான (பிரவுசர் டேப்ல வர சின்ன ஐகான்) யாராச்சும் கேட்டாக்கூட அது எரர்னு எழுதும், கான்ஃபிக்ல அந்த லொக்கேஷனுக்கு (அந்த யூஆர்எல்லுக்கு) மட்டும் லாக் நாட் ஃபவுண்ட்ங்குற செட்டிங்க ஆஃப் பண்ணுங்க. ரெக்வெஸ்ட் பாடி (அனுப்புற டேட்டா) ரொம்பப் பெருசுன்னு யாரோ பெரிய ஃபைல அனுப்புனதும் எரர்தான், அதுல நாம செய்ய என்ன இருக்கு. என்ஜின்எக்ஸ்ல டீபக் வேணும்னா வித்-டீபக் ஆப்ஷன் போட்டு பில்ட் பண்ணிருக்கணும், டீபக் கனெக்ஷன்ங்குற செட்டிங்ல உங்க ஐபி ஒண்ண மட்டும் குடுத்தா மத்தவங்க ட்ராஃபிக்கோட டீபக் மெசேஜ் லாக்ல ஏறாது. இது தெரியாம மூணு வருஷம் ஓட்டுனேன்.

ஜாவா பக்கம் இப்ப இன்ஃபோதான். டீபக் வேணும்னா ஸ்பிரிங் பூட்ல ஓடுற சர்வர கவனிக்க உதவுற ஆக்சுவேட்டரோட லாகர்ஸ் எண்ட்பாயிண்ட்ல (அதுக்கான யூஆர்எல்) தேவைப்படுற அந்த ஒரு பேக்கேஜுக்கு (கோடோட ஒரு பகுதி) மட்டும் மாத்துவோம், ரீஸ்டார்ட் வேண்டாம், ரீஸ்டார்ட் ஆனா பழையபடி இன்ஃபோவுக்கே வந்துரும், என்ன மாதிரி மறதிக்காரனுக்கு அது வரம். இன்னொண்ணு, டீபக் ஆஃப்ல இருந்தா செலவே இல்லன்னு நெனைக்காதீங்க. லாக் மெசேஜ ப்ளஸ் போட்டு ஸ்ட்ரிங்கா ஒட்டுனா ஒட்டுற வேல நடக்கத்தான் செய்யும், மெசேஜ்ல {} அடைப்புக்குறி போட்டு மதிப்ப தனியா குடுக்குற ஸ்டைல்ல எழுதுனாலும் ஆர்க்யுமெண்ட்ல ஒரு மெத்தட கூப்பிட்டிருந்தா அது ஓடிட்டுத்தான் இருக்கும், எங்க கோடுல அப்படி ஒண்ணு டேட்டாபேஸுக்கே போய்ட்டு வந்துட்டு இருந்துச்சு.

போஸ்ட்கிரஸ்ல எல்லா ஸ்டேட்மெண்ட்டையும் (எஸ்க்யூஎல் கட்டளை) லாக் பண்ணாதீங்க, டீஃபால்ட்டா ஆஃப்ல இருக்க மின் டியூரேஷன் செட்டிங்க 500 மில்லிசெகண்டுக்கு வச்சா போதும், அவ்ளோ நேரமோ அதுக்கு மேலயோ எடுக்குறது மட்டும் லாக்ல வரும். போஸ்ட்கிரஸ்ல லாக்னே ஒரு லெவல் இருக்கு, சர்வர் லாக்ல அது எரருக்கும் மேல, அதனால எரர் மட்டும்னு வச்சாலும் அது வரும், பயந்துராதீங்க.

ராத்திரி ரெண்டு மணிக்கு எழுப்புனா நான் ஏதாச்சும் செய்ய முடியுமா, முடியும்னாதான் எங்க கோடுல அது எரர். பாஸ்வேர்ட் தப்பா போட்டா இன்ஃபோ. வெளி ஏபிஐ (நாங்க கூப்பிடுற வேற சர்வீஸ்) மொத தடவ டைம் அவுட் ஆனா வார்ன், மூணு தடவ ரீட்ரை பண்ணியும் போகலன்னா எரர். இதுல மட்டும் டீம்ல ஒரு தம்பி இன்னும் ஒத்துக்கல, மொத தடவையே எரர் போடணுங்குறான். போன வாரம்கூட அவன் மாத்தி வச்சிருந்தத ரிவ்யூல நான் திருப்பி மாத்துனேன்.