காதில் விழுவதும் காது கொடுப்பதும்

ஆங்கிலத்தின் 'ஹியர்', 'லிசன்' இரண்டுக்கும் அகராதியில் 'கேள்' என்றே பொருள் இருக்கும். போதாக்குறைக்கு 'ஆஸ்க்' என்பதற்கும் அதே சொல்தான். அதற்காக 'ஹியர்', 'லிசன்' வேறுபாடே தமிழில் கிடையாது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதை நான் ஏற்கமாட்டேன். வேறுபாடு இருக்கிறது, வினையில் அல்ல, வேற்றுமை உருபில்.

'எனக்கு இடிச்சத்தம் கேட்டது' என்கிறோம். நான் எதுவும் செய்யவில்லை. சத்தம் தானாக வந்து காதில் விழுந்தது. இது 'ஹியர்'. 'நான் அவர் பேச்சைக் கேட்டேன்' என்னும்போது காது கொடுத்தவன் நான். இது 'லிசன்'. 'எனக்கு' என்று தொடங்கத் தோன்றினால் முன்னது, 'நான்' என்று தோன்றினால் பெரும்பாலும் பின்னது. 'கேள்விப்பட்டேன்' மட்டும் 'நான்' என்று தொடங்கினாலும் 'ஹியர்' பக்கம்தான். அதிலுள்ள 'படு' என்ன அழகாக அதைக் காட்டிக்கொடுக்கிறது!

'என் பேச்சைக் கேள்' என்ற பழக்கத்தில் 'லிசன் மீ' என்று பலர் சொல்கிறார்கள். பிழை. யாரை, எதை என்று சொல்ல வந்தால் 'லிசன்' என்பதற்கு 'டு' வேண்டும்: 'லிசன் டு மீ'. 'ஹியர்' என்பதற்கு அது வேண்டாம்.

'ஐ ஆம் லிசனிங்' சரி. ஒரு சத்தம் இப்போது காதில் விழுகிறது என்பதற்கு 'ஐ ஆம் ஹியரிங்' என்பது வழக்கமில்லை. 'ஐ கேன் ஹியர்' என்பார்கள். அந்தக் 'கேன்' இருக்கிறதே என்று தமிழில் 'கேட்க முடிகிறது' என எழுத வேண்டியதில்லை. 'கேட்கிறது' என்பதே போதும். தொலைபேசியில் குரல் எட்டுகிறதா என்று அறிய 'கேன் யூ ஹியர் மீ?' என்றுதான் கேட்க வேண்டும். 'ஆர் யூ லிசனிங்?' என்றால், கவனிக்கிறீர்களா இல்லையா என்று அதட்டியதுபோல் ஆகிவிடும். மேலதிகாரியிடம் இப்படிக் கேட்டுவிட்டால் சங்கடம்தான்.

நீதிமன்றம் மட்டும் இந்தக் கணக்குக்கு வெளியே நிற்கிறது. நீதிபதி கூர்ந்துதான் கேட்கிறார். ஆனாலும் வழக்கு விசாரணைக்குப் பெயர் 'ஹியரிங்'.

'அம்மா சொல்வதைக் கேள்' என்றால் கீழ்ப்படி என்றும் பொருள். ஆங்கிலத்திலும் அதற்கு 'லிசன் டு யுவர் மதர்' என்பதே. அங்கே 'ஹியர்' போட்டால் அம்மாவின் குரல் காதில் விழும், அவ்வளவுதான்.