அதே இடத்தில் வீடா, பெரும்பாக்கத்தில் வீடா?

சென்னையில் குடிசைப் பகுதியை எடுக்கும்போது இரண்டு வழிகள்: அங்கேயே இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டுவது, அல்லது கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று ஊருக்கு வெளியே மாற்றுவது. கூவம், அடையாறு கரையோரக்காரர்களுக்கு முதல் வழி பெரும்பாலும் கிடையாது. அவர்கள் இருக்கும் இடம் நீர்நிலைப் புறம்போக்கு, அதாவது ஆற்றுக்கென ஒதுக்கிய அரசு நிலம்.

இடமாற்றத்தில் வீடு சீக்கிரம் கைக்கு வரும், அடிபடுவது பிழைப்பு. மயிலாப்பூரில் வீட்டு வேலை பார்க்கும் பெண் காலை ஆறரைக்குள் அங்கே நிற்க வேண்டும். பெரும்பாக்கத்திலிருந்து சுமார் 20 கிலோமீட்டர். 2021 முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணமில்லை, சரி. போக்குவரத்தில் கரையும் மூன்று மணி நேரத்துக்கு யார் கூலி தருவார்? கல்வியாண்டின் நடுவே மாற்றினால் பிள்ளைகள் சிலர் படிப்பை நிறுத்திவிடுகிறார்கள். எட்டடுக்குக் கட்டடத்தில் லிஃப்ட் நின்றால் முதியவர்கள் வீட்டுக்குள்ளேயே முடங்க வேண்டியதுதான்.

அதே இடத்தில் கட்டினால் வேலையும் பள்ளியும் தப்பும். ஆனால் கட்டி முடிய வருடங்கள் ஆகும். அதுவரை வெளி வாடகை, முன்பணம். புது வீட்டுக்குக் குடும்பம் கட்ட வேண்டிய பங்களிப்புத் தொகையும் உண்டு. நிலம் இடம் கொடுத்தால் இதுவே மேல்.

இரண்டிலும் சிக்கல், யாருக்கு வீடு என்று முடிவு செய்ய எடுக்கும் கணக்கெடுப்பில்தான். ஒரே குடிசையில் மூன்று குடும்பம் இருந்தும் ஒரு கதவு எண் என்றால் ஒரே வீடுதான் ஒதுக்குவார்கள். தனித்தனி ரேஷன் கார்டு, ஆதார், வாக்காளர் அட்டை மூன்றையும் கணக்கெடுப்பு அன்று காட்டி, பட்டியலில் பெயர் ஏறியதா என்று அங்கேயே பாருங்கள்.