புது பேட்டரியா, பத்தாம் நம்பர் ஸ்பேனரா?

போன மாதம் ஒரு காலையில் சாவியைத் திருப்பினால் செல்ஃப் எடுக்கவில்லை. ‘டிக்’ என்று ஒரே சத்தம், டேஷ்போர்டு விளக்குகள் எல்லாம் அணைந்து மறுபடி எரிந்தன. தெருமுனைக் கடைக்காரர் பானட்டைக்கூடத் திறக்கச் சொல்லாமல், “பேட்டரி போச்சு சார், மாத்திடுங்க” என்றார். பேட்டரிக்கு மூன்று வயது, அதனால் நானும் பாதி நம்பிவிட்டேன்.

மாற்றுவது சுலபம். பழையதைக் கொடுத்தால் கழிவு போக எனக்குச் சொன்ன விலை 4,000 ரூபாய்ச் சொச்சம், கால் மணி நேர வேலை, வாரண்டியும் கிடைக்கும். அவசரத்தில் இருப்பவருக்கு இது தப்பே இல்லை.

நான் முதலில் டெர்மினலை, அதாவது பேட்டரியில் வயர் மாட்டுகிற இடத்தைப் பார்த்தேன். பாசிட்டிவ் பக்கம் வெள்ளையும் பச்சையுமாக உப்பு பூத்துக் கிடந்தது. அதற்காக பேட்டரி நல்லது என்று சொல்லிவிட முடியாது, அளந்து பார்த்தால்தான் தெரியும். மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து அளந்தேன், இரவு முழுக்க நின்ற வண்டியில் 12.5 வோல்ட், அதாவது சார்ஜ் இருக்கிறது. அப்புறம் ஒரு முனையை பேட்டரியின் ஈயத் தண்டிலும் இன்னொன்றை அதைக் கவ்வியிருக்கும் கிளாம்பிலும் வைத்துக்கொண்டு, வீட்டில் ஒருவரை சாவி திருப்பச் சொன்னேன். இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கிற இடம், கிட்டத்தட்ட பூஜ்யம் காட்ட வேண்டும், அரை வோல்ட்டைத் தாண்டினாலே கோளாறு. எனக்கு 2 வோல்ட்டுக்கு மேல் காட்டியது. மின்சாரம் உப்பிலேயே மாட்டிக்கொண்டு நிற்கிறது, செல்ஃப் மோட்டார் பாவம் என்ன செய்யும்?

பத்தாம் நம்பர் ஸ்பேனர், முதலில் நெகட்டிவைக் கழற்ற வேண்டும் (பாசிட்டிவில் ஸ்பேனர் வைக்கும்போது பாடியில் இடித்தால் பொறி பறக்கும்). சமையல் சோடா கலந்த வெந்நீரை ஊற்றினால் நுரைத்துக்கொண்டு உப்பு கரையும், பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்து, துடைத்துக் காய வைத்து, கிளாம்பின் உள்பக்கத்தை உப்புத்தாளால் ஈயம் பளபளக்கும்வரை தேய்த்தேன். மாட்டும்போது பாசிட்டிவ் முதலில், இறுக்கிய பிறகு மேலே வாஸ்லின். முதல் திருப்பிலேயே ஸ்டார்ட் ஆனது. வண்டி ஓடும்போது 14.2 வோல்ட், பேட்டரியை சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டரும் சரி. கடிகாரத்தை மட்டும் திரும்ப வைக்க வேண்டியிருந்தது.

இதில் எனக்கு உறுத்துகிற விஷயம் ஒன்று: புது பேட்டரி மாட்டுகிறவரும் கிளாம்பைச் சுரண்டித்தான் மாட்டுவார். வண்டி ஸ்டார்ட் ஆகும், பேர் பேட்டரிக்குப் போகும், நல்ல பழைய பேட்டரி கழிவு விலைக்குப் போகும்.

செல்ஃப் சுற்றும்போது பேட்டரியின் இரண்டு தண்டுகளுக்கும் இடையே 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் நானும் கடைக்குத்தான் போவேன், அப்போது தேய்ப்பதில் பிரயோஜனம் இல்லை. சிக்னலில் இன்ஜின் தானாக அணைந்து மறுபடி ஸ்டார்ட் ஆகும் ஸ்டார்ட்-ஸ்டாப் வண்டிகளில் நெகட்டிவ் பக்கம் சென்சார் இருக்கும், அந்த வகையை நான் கை வைத்துப் பார்த்ததில்லை, அதனால் அங்கே என் பேச்சைக் கேட்டு வெந்நீர் ஊற்ற வேண்டாம்.